கல்லடியில் ஜெரேனியம் வாங்கலாமா? ஒரு வீட்டு நாற்றுமேடை பற்றிய மதிப்பீடு

ஜெரேனியம் விற்கும் ஒரு நாற்றுமேடையின் தரம், அங்கிருந்து வாங்கிச் சென்ற கன்று கச்சான் என்ற உலர்காற்று வீசும் காலத்தைத் தாண்டி உயிரோடு நிற்கிறதா என்பதில்தான் தெரியவரும். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், மட்டக்களப்பின் கல்லடியில் கடற்கரையை நோக்கிச் செல்லும் உள்வீதி ஒன்றில் ஓர் அம்மாவும் அவருடைய மகனும் தமது வளவிலேயே நடத்திவரும் சிறிய நாற்றுமேடையை மனமாரப் பரிந்துரைக்கலாம். பெயர்ப்பலகை எதுவும் இல்லை. வேலியோரம் தொங்கும் பூச்சாடிகளே அடையாளம். விளம்பரம் வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் வீதியின் பெயரை இங்கே எழுதவில்லை. அங்கே குறைகளும் உள்ளன. அவற்றுள் ஒன்று பாரதூரமானது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த மதிப்பீடு நேர்மையானதாக இராது.

முதலில், இந்தச் செடிக்கும் நமது ஊருக்கும் இடையிலுள்ள பொருத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீடுகளில் நாம் ஜெரேனியம் என்று வளர்ப்பது தாவரவியலில் பெலர்கோனியம் எனப்படும் பேரினத்தைச் சேர்ந்தது. ஏறத்தாழ 280 இனங்களைக் கொண்ட அந்தப் பேரினத்தின் பெரும்பகுதி தென்னாபிரிக்காவுக்கு உரியது. 1753ஆம் ஆண்டில் லின்னேயஸ் இவற்றையெல்லாம் ஜெரேனியம் என்ற ஒரே பேரினத்துள் அடக்கினார். 1789ஆம் ஆண்டில் பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெரித்தியே பெலர்கோனியத்தைத் தனியாகப் பிரித்தார். ஆயினும் பழைய பெயரே மக்களிடம் நிலைத்துவிட்டது. உறைபனியைத் தாங்கும் உண்மையான ஜெரேனியத்துக்கென எழுதப்பட்ட பராமரிப்புக் குறிப்புகளை நம்மவர்கள் இந்தச் செடிக்குப் பின்பற்றிக் கெடுத்துக்கொள்வதற்கும் இந்தப் பெயர்க் குழப்பமே காரணம். பெலர்கோனியத்துக்குத் தேவையானவை நல்ல வெளிச்சம், வேரில் நீர் தேங்காத மண், மிதமான வெப்பம் ஆகிய மூன்றுமே. முதல் இரண்டையும் மட்டக்களப்பில் நாம் கொடுக்கலாம். மூன்றாவதை ஆண்டில் சில மாதங்களுக்குத்தான் கொடுக்க முடியும்.

கிழக்கில் விற்கப்படும் ஜெரேனியக் கன்றுகளில் பெரும்பாலானவை மலைநாட்டிலிருந்து லொறியில் வருபவை. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை செல்சியஸ். அங்கே செழித்து நின்ற கன்று பதுளை, பிபிலை, மகாஓயா வழியாகச் செங்கலடிக்கு இறங்கி, ஒரே நாளில் 30 பாகையைத் தாண்டும் கடற்கரை வெயிலில் வைக்கப்படுகிறது. வாங்கும்போது அது பூத்துக் குலுங்கும். வீட்டுக்கு வந்து சில வாரங்களில் கீழிலைகள் மஞ்சளாகும், குருத்திலைகள் வெளிறும், மொட்டுகள் விரியாமல் கருகும். வெப்பம் மிகும்போது குருத்து வெளிறுவது இந்தச் செடியின் இயல்பு. அதைப் பசளைக் குறைவென்று எண்ணி யூரியா இடுபவர்கள் ஏற்கெனவே தளர்ந்திருக்கும் வேரை மேலும் வருத்துகிறார்கள். நகரில் வீதியோரத்தில் வாகனத்தில் வைத்து விற்பவர்களிடம் மலிவாக வாங்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அந்த விலைக்குக் கிடைப்பது சில வாரப் பூ மட்டுமே.

கல்லடி நாற்றுமேடையின் முதற் சிறப்பு, வந்திறங்கிய கன்றை அவர்கள் உடனே விற்பதில்லை என்பது. தென்னை மரங்களின் கீழ் நிழல்வலை கட்டி, கொங்கிறீட் கற்களின் மேல் பலகை பரப்பி, அதன்மேல் கன்றுகளை இடைவெளி விட்டு அடுக்கியிருக்கிறார்கள். பை தரையைத் தொடாததால் அடியிலும் காற்று ஓடுகிறது. வந்த கிழமையே பூக்களையும் மொட்டுகளையும் கிள்ளிவிட்டு, புதுக் குருத்து நமது வெயிலிலேயே முளைக்கும் வரை வைத்திருக்கிறார்கள். வாடிக்கையாளர்களில் பலர் பூவோடு நிற்கும் கன்றைத் தேடி வந்து, இங்கே பச்சையாக நிற்பவற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறார்களாம். அந்த நட்டத்தை ஏற்றுக்கொண்டு இந்த முறையைத் தொடர்வதற்காகவே அவர்களை மதிக்கிறேன்.

அதைவிடப் பெரிய சிறப்பு, சென்ற ஆண்டுகளின் கோடையைத் தாங்கி நின்ற தாய்ச்செடிகளிலிருந்து அவர்களே வேரூன்றச் செய்த கன்றுகள். அவை தனியாக ஒரு பலகையில் இருக்கும். தோற்றத்தில் மலைநாட்டுக் கன்றைவிடச் சிறியவை, தண்டு தடித்தவை, இலை சற்றுத் தடிப்பானவை. இரண்டையும் அருகருகே வைத்தால் புதியவர் கட்டாயம் மலைநாட்டுக் கன்றையே எடுப்பார். நான் சிறியதையே எடுக்கச் சொல்வேன். வெட்டுத் தண்டிலிருந்து வரும் கன்று தாயின் இயல்பை அப்படியே கொண்டிருக்கும். எனவே இங்கே நின்று பிழைத்த தாயின் பிள்ளை இங்கே பிழைப்பதற்கான வாய்ப்பும் கூடுதலாகும்.

கச்சான் வீசும் மாதங்களில் அந்த அம்மா ஜெரேனியம் விற்பதே இல்லை. வைகாசி முதல் ஆவணி வரை, மேற்கே மலைகளைத் தாண்டி இறங்கும் அந்த உலர்ந்த காற்று, காலையில் நனைத்த சாடியை மதியத்துக்குள் காயவைத்துவிடும். அந்தக் காலத்தில் கன்று கேட்டுப் போன ஒருவருக்கு அவர் சொன்ன பதிலை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்: “கச்சான் வீசக்குள்ள இதக் கொண்டு போனா நிக்காது மகள். காசும் போயிரும், கன்றும் போயிரும். மாரி விட்டாப்பிறகு வாங்க, நல்லதாப் பாத்துத் தாறன்.” விற்பனைக்கு வைத்த பொருளை வேண்டாம் என்று சொல்லும் கடையை அடிக்கடி காண முடிவதில்லை.

இனி, இந்த நாற்றுமேடையைப் பற்றி எழுதத் தூண்டிய முதன்மைக் காரணத்துக்கு வருகிறேன். கன்று வாங்கும் ஒவ்வொருவருக்கும் அந்த அம்மா கத்தரிக்கும் முறையை நேரில் செய்து காட்டுகிறார். ஜெரேனியத்தைப் பொறுத்தவரை பராமரிப்பின் பாதிக்கு மேற்பட்ட பகுதி கத்தரித்தலே. வெட்டாமல் விட்டால் தண்டு நீண்டு, அடிப்பகுதி மரத்துப்போய் இலையுதிர்ந்து வெறுமையாகும். நுனியில் மட்டும் நான்கு இலையும் ஒரு பூங்கொத்தும் தொங்கும். நம் ஊர் வீடுகளில் காணப்படும் ஜெரேனியங்களில் அநேகமானவை இந்தக் கோலத்தில்தான் நிற்கின்றன. வெட்டினால் செடி செத்துவிடும் என்ற பயமே அதற்குக் காரணம். உண்மையில் நுனியை அகற்றியதும், அதுவரை அந்த நுனி அடக்கி வைத்திருந்த கீழ்க்கணுக்களின் மொட்டுகள் விழித்துக்கொள்கின்றன. ஒரு தண்டு நின்ற இடத்தில் இரண்டு, மூன்று கிளைகள் தோன்றும். ஒவ்வொரு புதுக் கிளையின் நுனியிலும் பூ வரும் என்பதால் கிளை கூடக் கூடப் பூவும் கூடும்.

அவர் காட்டும் முறை இதுதான். சாடியை மேசைமேல் வைத்து மெல்லச் சுழற்றி, முதலில் செடியின் முழு உருவத்தையும் பார்க்கச் சொல்கிறார். பிறகு ஒரு தண்டைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் பிடித்து, மேலிருந்து கீழாகத் தடவிக் கணுவைக் கண்டுபிடிக்கச் சொல்கிறார். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் தண்டு சற்றுப் பருத்திருக்கும். அங்கே காம்பின் இரு பக்கமும் கடதாசி போன்ற இரண்டு சிறு செதில்கள் ஒட்டியிருக்கும். இலை எப்போதோ உதிர்ந்துபோன பழைய கணுவில்கூட அந்தச் செதிலின் தடயத்தையும் மெல்லிய வளையத்தையும் விரல் உணரும். அந்தக் கணுவுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் மேலே, சற்றுச் சாய்வாக, ஒரே வெட்டு. வெட்டைக் கணுவுக்கு மிக அருகில் வைத்தால் அங்குள்ள மொட்டு காயமடையும். மிக உயரத்தில் வைத்தால் மேலே எஞ்சும் தண்டுக்குற்றி கறுத்து அழுகி, அந்த அழுகல் கீழே இறங்கும். கணுவிலுள்ள மொட்டு செடிக்கு வெளிப்பக்கம் பார்த்திருக்க வேண்டும் என்பதையும் அவர் வலியுறுத்துகிறார். உள்நோக்கிய கணுவின் மேல் வெட்டினால் புதுக் கிளை நடுவுக்குள் வளர்ந்து நெரிசலாகும். காற்றோட்டம் குறைந்த அந்த நடுப்பகுதியில்தான் மாரிகாலத்தில் சாம்பற் பங்கசு பிடிக்கிறது.

எவ்வளவு வெட்டலாம் என்பதிலும் அவருடைய வழிகாட்டல் சரியானது. தை பிறந்து மழை ஓய்ந்த பிறகு, நன்றாக வேரூன்றிய செடியை அரைவாசி உயரத்துக்கு வெட்டலாம். ஆனால் ஒவ்வொரு கிளையிலும் இரண்டு மூன்று இலைகளாவது எஞ்சியிருக்க வேண்டும். இலையே இல்லாத மரத்த தண்டை மட்டும் விட்டுவைத்தால் சிலவேளை துளிர்க்கும், பலவேளை துளிர்க்காது. அந்தத் தை வெட்டுக்குப் பின்னர் மாசி, பங்குனி மாதங்களில் நமது ஊரில் ஜெரேனியத்தின் மிகச் சிறந்த பூப்பருவம் அமைகிறது. சித்திரைக் கடைசியில், கச்சானுக்கு முன்னதாக, மூன்றிலொரு பங்கை மட்டும் அகற்றும் இரண்டாவது வெட்டு. இதன் நோக்கம் பூ அல்ல. இலைப்பரப்பைக் குறைத்து, வேரால் ஈடுகொடுக்கக்கூடிய அளவுக்குச் செடியைச் சிறிதாக்குவது. அதன்பின் சாடியைக் காலை வெயில் மட்டும் படும் கிழக்குப் பக்கத்துக்கு மாற்றிவிட்டு, ஆவணி கழியும் வரை பூவை எதிர்பாராமல் இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கத்தரிக்கோலைத் தொடவே வேண்டாம் என்பது அவருடைய கண்டிப்பு. நமது ஆண்டு மழையின் பெரும்பகுதி நவம்பர் தொடக்கம் ஜனவரி வரையே கொட்டித் தீர்ப்பதால், ஈரக்காற்றில் வெட்டுவாய் உலராது. உலராத வெட்டுவாய் நோய்க்குத் திறந்த கதவு.

வாடிய பூக்களை அகற்றுவதற்குக் கத்தரிக்கோல் தேவையில்லை. பூங்கொத்தைத் தாங்கும் நீண்ட காம்பை அதன் அடியில், தண்டோடு சேரும் மூட்டில் பிடித்துப் பக்கவாட்டில் வளைத்தால் ‘டக்’ என்று சுத்தமாக ஒடிந்து வரும். பூவிதழ்களை மட்டும் உருவி எறிந்து காம்பை விட்டுவைப்பவர்கள் அநேகர். அந்தக் காம்பு காய்ந்து அழுகுவதோடு, விதை உருவாக்கத்திலும் செடியின் சத்து வீணாகும்.

இவ்வளவையும் இத்தனை பொறுமையாகக் கற்பிக்கும் அந்த நாற்றுமேடையில், கத்தரிக்கோலைச் சுத்தம் செய்யும் பழக்கம் இல்லை. நான் குறிப்பிட்ட பாரதூரமான குறை இதுதான். ஒரு செடியை வெட்டிய கத்தரிக்கோலைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு அடுத்த செடியை வெட்டுகிறார்கள். ஜெரேனியத்தைத் தாக்கும் நோய்களில் மிகக் கொடியது சாந்தோமோனாஸ் என்ற பற்றீரியாவால் வரும் கருகல் நோய். இலையில் சிறு நீர்ப்புள்ளிகள், விளிம்பிலிருந்து உள்நோக்கி ஆப்பு வடிவில் மஞ்சளாகிக் காயும் திட்டுகள், ஈரமண்ணிலேயே வாடித் தொங்கும் இலை, ஈற்றில் கறுத்த தண்டு என்று அது முன்னேறும். மருந்தடித்துக் குணப்படுத்த முடியாது. செடியையும் மண்ணையும் அகற்றுவதே வழி. ஒரு செடியிலிருந்து மற்றதற்கு அது கடக்கும் முதன்மையான பாதைகளுள் ஒன்று வெட்டும் கருவி. கத்தரி, தக்காளி, மிளகாய்ச் செடிகளை ஒரேயடியாக வாடச் செய்யும் ரல்ஸ்டோனியா என்ற பற்றீரியாவும் ஜெரேனியத்தைத் தாக்கக்கூடியது. வீட்டுத்தோட்டத்தில் கத்தரியும் தக்காளியும் வளர்க்கும் நமக்கு இது இரட்டை ஆபத்து. மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து, ஒவ்வொரு செடிக்கும் இடையில் அலகுகளைத் துடைத்தால் போதும். 70 சதவீத அற்ககோல் இதற்குப் போதுமானது. அந்த அம்மாவிடம் இதைப் பணிவாக எடுத்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டார், ஆனாலும் அதன் பின்னர் போனபோதும் ஸ்பிரிட் போத்தல் எதையும் அங்கே காணவில்லை. ஆகவே அங்கே வாங்கும் கன்றை, மற்றச் செடிகளிலிருந்து விலக்கி மூன்று நான்கு கிழமைகள் தனியே வைத்துக் கவனித்த பின்னரே சேர்த்து வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது குறை, வகைகளைப் பற்றிய தகவல் போதாமை. அங்கே நான்கு வகைகள் உள்ளன. இலையில் குதிரைலாட வடிவக் கருவளையம் கொண்ட நேர்நிற்கும் வகை, தொங்குசாடிக்கு உரிய பளபளப்பான இலை கொண்ட கொடிவகை, பெரிய இரட்டைநிறப் பூக்கள் கொண்ட ‘றீகல்’ வகை, இலையே மணக்கும் வாசனை வகை. முதல் வகை நமக்கு ஏற்றது. கொடிவகையும் வளரும், ஆனால் மாரியில் வேர் அளவுக்கு மேல் நீரை உறிஞ்சும்போது அதன் இலையின் அடியில் சொறிபோன்ற தழும்புகள் எழும். அது தொற்றுநோயன்று, நீரைக் குறைத்துக் காற்றோட்டத்தைக் கூட்டினால் புதிய இலைகள் சுத்தமாக வரும்.

றீகல் வகையை மட்டக்களப்பில் விற்பதே பிழை என்பது என் கருத்து. அந்த வகை மொட்டுக் கட்டுவதற்குப் பல கிழமைகள் தொடர்ச்சியாகக் குளிர் வேண்டும். இரவு வெப்பநிலை ஏறத்தாழ 15 பாகைக்குக் கீழே போக வேண்டும். மார்கழி வாடைக்காற்றிலும் நமது இரவு அவ்வளவு குளிர்வதில்லை. மலைநாட்டிலேயே கட்டிய மொட்டுகள் இங்கே வந்து விரியும். அதற்குப் பிறகு செடி எவ்வளவு நன்றாகக் கத்தரிக்கப்பட்டாலும் வெறும் இலையாகவே நிற்கும். இதை வாங்குபவரிடம் முன்கூட்டிச் சொல்வது கடமை. அங்கே கேட்டால் மறைக்காமல் சொல்கிறார்கள், கேட்காவிட்டால் சொல்வதில்லை. நான்கு வகைகளும் ஒரே பலகையில் கலந்து கிடக்கின்றன. ஒரு சிறு அட்டையில் வகையின் பெயரை எழுதிச் சாடியில் செருகிவிட்டால் இந்தக் குறை தீர்ந்துவிடும்.

வாசனை வகையை ‘நுளம்புச் செடி’ என்று அந்த மகன் அறிமுகப்படுத்துகிறார். இலையைக் கசக்கினால் ரோசாவும் எலுமிச்சையும் கலந்த அருமையான மணம் வருவது உண்மை. வெயிலைத் தாங்குவதிலும் அது மற்ற மூன்றையும் விட வலிமையானது. ஆனால் சாடியில் சும்மா நிற்கும் செடி நுளம்பை விரட்டும் என்பது சோதனைகளில் உறுதிப்படவில்லை. டெங்கு ஆண்டுதோறும் மாரியோடு வந்துபோகும் ஊரில் இப்படியான நம்பிக்கையை வளர்ப்பது நல்லதன்று. அதிலும், அதே கடையில் சாடியோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் தட்டையும் இலவசமாகக் கொடுக்கிறார்கள். அந்தத் தட்டில் தேங்கும் தெளிந்த நீர்தான் டெங்கு நுளம்பு முட்டையிட விரும்பும் இடம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வளவுக்குள் வந்தால் முதலில் பார்ப்பதும் அதைத்தான். ஜெரேனியத்துக்கு அடியில் தட்டு வைப்பது வேருக்கும் கேடு. தட்டை வாங்கவே வேண்டாம். விறாந்தைத் தரை நனையக்கூடாது என்றால் தட்டில் மணலை நிரப்பி அதன்மேல் சாடியை வைக்கலாம்.

அவர்கள் கலந்து விற்கும் சாடிமண் பாராட்டுக்குரியது. ஆற்றுமணல், தென்னந் தும்புத்தூள், நன்கு மக்கிய கூட்டெரு, உமிக்கரி ஆகியவை அதில் உள்ளன. உமிக்கரி நமது மாகாணத்துக்கே உரிய வசதி. அம்பாறை, சம்மாந்துறைப் பக்கத்து நெல் ஆலைகளிலிருந்து உமியை எடுத்துவந்து அரைகுறையாக எரித்துச் சேர்க்கிறார்கள். மண் இறுகாமல் காற்று ஓட அது உதவுகிறது. கலவையை உள்ளங்கையில் எடுத்து நனைத்து இறுக்கிப் பிடித்துவிட்டுக் கையைத் திறந்தால், உருண்டையாக நில்லாமல் உதிர்ந்துவிடுகிறது. ஜெரேனியத்துக்கு இந்தப் பதம்தான் வேண்டும். கல்லடிக் கடற்கரை மணலை அப்படியே அள்ளிப் போடுபவர்கள் அதிலுள்ள உப்பையும் சேர்த்தே போடுகிறார்கள். பசுமாட்டெருவை அதிகம் சேர்ப்பதும் வேண்டாம்; தழைச்சத்து மிகுந்தால் இலை உள்ளங்கை அளவுக்குப் பெருக்கும், பூ வராது. இலை பெருத்துப் பூக்காத ஜெரேனியத்தைக் கண்டால் முதலில் பசளையைத்தான் நிறுத்த வேண்டும். தை வெட்டுக்குப் பிறகு துளிர் காணும்போது சாம்பற்சத்து (பொட்டாசியம்) கூடிய பசளையைப் பாதி அளவில் கரைத்து, இரண்டு கிழமைக்கு ஒரு தடவை ஊற்றினால் போதும்.

நீரைப் பற்றியும் அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். கடலுக்கும் வாவிக்கும் இடையில் கிடக்கும் கல்லடி, நாவற்குடா, ஆரையம்பதிப் பகுதிகளில் கோடை முற்றும்போது கிணற்று நீரில் உவர்ப்பு ஏறுகிறது. அந்த நீரைத் தொடர்ந்து ஊற்றினால் மண்சாடியின் வெளிப்புறத்தில் வெள்ளைப் படிவு பூக்கும்; இலை விளிம்பு பழுப்பாகக் கருகும். உன்னிச்சைக் குளத்திலிருந்து வரும் குழாய்நீர் உள்ள வீடுகளில் அதையே பயன்படுத்தலாம். கிணற்றையே நம்பியிருப்பவர்கள், மாரியின் முதல் சில மழைகளில் சாடியை வெளியே வைத்து, அடித்துளை வழியே உப்புக் கழுவப்படும் வரை நனையவிட்டுப் பின்னர் கூரைக்கு அடியில் எடுத்துவைக்க வேண்டும். மேல்மண்ணில் விரலை நுழைத்து ஓர் அங்குல ஆழம் வரை காய்ந்திருந்தால் மட்டுமே நீர் ஊற்றலாம். காலையில், இலை நனையாமல், மண்ணில் ஊற்ற வேண்டும். நீர் மிகுந்து தண்டின் அடி கறுத்து மென்மையாகிவிட்டால் அந்தச் செடியைக் காப்பாற்ற இயலாது. மேலே கறுக்காத பகுதி இருந்தால் அதை வெட்டிப் புதுக் கன்றாக்குவதே எஞ்சிய வழி.

வெட்டுத் தண்டு வைக்கும் முறையையும் கன்றோடு சேர்த்தே கற்றுத் தருகிறார்கள். தை வெட்டில் கழியும் தண்டுகளில் பூ இல்லாத நுனிகளைத் தெரிந்து, 8 முதல் 10 சென்ரிமீற்றர் நீளத்தில் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, கீழிலைகளை நீக்கி, வெட்டுவாய் உலரும்படி நிழலில் சில மணிநேரம் கிடத்த வேண்டும். பிறகு மணலும் தும்புத்தூளும் சம அளவில் கலந்த சிறு பையில் ஊன்றி நிழலில் வைத்தால் மூன்று நான்கு கிழமையில் வேர் பிடிக்கும். ரோசாத் தண்டுக்குச் செய்வதுபோல் பொலித்தீன் பையால் மூடக்கூடாது. ஜெரேனியத் தண்டு தன்னுள்ளேயே நீரைச் சேமித்து வைத்திருக்கும் தன்மையது; மூடினால் அழுகிவிடும். கோடையில் தாய்ச்செடி போய்விட்டாலும் இனம் போகாமல் காக்க இந்தக் கன்றுகளே காப்பு என்பதால், ஆண்டுதோறும் தையில் ஒவ்வொரு நிறத்திலும் இரண்டு மூன்று தண்டுகளையேனும் ஊன்றிவைப்பது அவசியம்.

கத்தரிக்கோலும் அங்கே விற்பனைக்கு உள்ளது. இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசிக் கடந்து வெட்டும் வகை; விலை 1,400 ரூபா. ஒரு கூரலகு தட்டையான மறு அலகின் மேல் வந்து நசுக்கும் வகையும் நகரக் கடைகளில் இதைவிட மலிவாகக் கிடைக்கிறது. அது காய்ந்த கிளைக்கு ஏற்றது, ஜெரேனியத்தின் நீர்ச்சத்து நிறைந்த தண்டை நசுக்கிவிடும். கடந்து வெட்டும் வகையின் வெட்டுவாய் கண்ணாடித் துண்டைப் போல வழுவழுப்பாக இருக்கும், விரைவில் உலர்ந்துவிடும். கைக்கு அடக்கமான கருவி, வில்லும் பூட்டும் நன்றாக இயங்குகின்றன. குறை அதன் இரும்பில்தான். நமது உப்புக்காற்றில் துருப்பிடிக்க அதற்கு அதிக நாள் ஆகாது. ஸ்பிரிட்டால் துடைத்து உலர்த்தியபின் தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி விட்டுவைக்க வேண்டும். தேங்காயெண்ணெய் பூசினால் நாளடைவில் பிசுபிசுத்து வில் இறுகிவிடும். இரண்டு மூன்று சாடிகள் மட்டும் வைத்திருப்பவருக்கு இந்தக் கருவி தேவையில்லை. இளந்தண்டை நகத்தால் கிள்ளலாம்; தடித்த தண்டுக்கு ஸ்பிரிட்டால் துடைத்த கூரிய சவர அலகு ஒன்று போதும்.

விலையைப் பொறுத்தவரை, அங்கேயே வேரூன்றிய சிறு கன்று 350 ரூபா, மலைநாட்டுக் கன்று 600 ரூபா, மண்சாடியோடு 1,100 ரூபா. வீதியோர விலையைவிட இது கூடத்தான். ஆனால் சிறு கன்றின் விலையில் கத்தரிக்கும் பாடமும் அடங்கியிருப்பதால் நியாயமானதே என்பேன். நகருக்குள்ளும் காத்தான்குடி வரையும் மகன் ஓட்டோவில் கொண்டுவந்து தருகிறார். தை மாதத்தில் வீட்டுக்கு வந்து கத்தரித்துக் கொடுக்கும் சேவையும் உண்டு. அதற்குச் சாடிக் கணக்கில் கூலி பெறுகிறார். கை சுத்தமான வேலை, வெட்டிய தண்டுகளையும் நமக்கே தந்துவிட்டுப் போகிறார். அவரை அழைப்பவர்கள் ஸ்பிரிட்டும் பஞ்சும் தாங்களே எடுத்துவைத்து, ஒவ்வொரு சாடிக்கும் இடையில் துடைக்கும்படி கேளுங்கள். முகம் சுளிக்காமல் செய்கிறார்.

கன்று வாங்கச் செல்பவர்கள் தைப்பொங்கல் கழிந்த பின்னர், மாசிக்குள் செல்வது நல்லது. பங்குனியில் அங்கேயே வேரூன்றிய கன்றுகள் முடிந்துவிடுகின்றன. பூவின் நிறத்தைக் கேட்டு எடுங்கள், ஏனெனில் அங்கே நிற்கும்போது பூ இருக்காது. இலையின் அடியைத் திருப்பிப் பாருங்கள். செம்பழுப்புத் தூள் வட்டமாகப் படிந்திருந்தால் அது துருநோய், அந்தக் கன்றை விட்டுவிடுங்கள். தண்டின் அடியை விரலால் அழுத்திப் பாருங்கள். உறுதியாக இருக்க வேண்டும். பூனை, நாய் வளர்க்கும் வீட்டில் சாடியை எட்டாத உயரத்தில் வையுங்கள்; இலையைத் தின்றால் அவற்றுக்கு வாந்தி வரும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே கூட்டம் அதிகம், அந்த அம்மாவுக்கு நின்று கற்பிக்க நேரம் கிடைப்பதில்லை. கிழமை நாளில் பிற்பகல் நான்கு மணிக்குப் பிறகு போனால் ஆறுதலாகச் சொல்லித் தருவார்.